மின்னாய்விதழ்களைத் திறப்பது எப்படி: நூலக முகப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடைப்பட்ட தோட்டப்புறச் சிறுநகர் ஒன்றில், தாதிமை, தோட்ட நிர்வாகம், வணிகம் ஆகிய டிப்ளோமா படிப்புகளை நடத்தும் ஒரு தனியார் கல்லூரியின் நூலகத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்கு வந்தவர்கள். ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றை இணையத்தில் திறக்கும்போது பணம் கேட்கும் பக்கம் வந்துவிட்டால், இது வசதியுள்ளவர்களுக்கான பொருள் போலும் என்று எண்ணி, யாரிடமும் கேட்காமல் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் கட்டுரைக்குக் கல்லூரி ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும். ஒவ்வொரு பருவமும் முகப்பில் என்னிடம் கேட்கப்படும் ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ஜர்னலுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம் என்கிறீர்கள், அக்கா. அப்படியென்றால் அது நம்முடையதுதானே?"

அச்சிதழாக இருந்தால் நம்முடையதுதான். மலேசியத் தோட்டத்துறையினரின் சங்கம் 1920 முதல் வெளியிட்டு வரும் 'தி பிளாண்டர்' இதழின் பழைய தொகுப்புகள் சில நம் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை யாரும் எடுத்துப் படிக்கலாம். நாளைக்கே சந்தாவை நிறுத்தினாலும் அவை அலமாரியை விட்டுப் போகமாட்டா.

மின்னாய்விதழில் நாம் வாங்குவது படிக்கும் உரிமையை மட்டுமே. கோப்புகள் பதிப்பகத்தின் கணினியில் இருக்கும். ஓர் ஒப்பந்தத்தின்படி, பெரும்பாலும் ஓராண்டுக் காலத்திற்கு, குறிப்பிட்ட மக்கள் அவற்றைத் திறக்கப் பதிப்பகம் சம்மதிக்கிறது. அந்த மக்கள் யார் என்பதை ஒப்பந்தம் சொல்லிவிடும்: தற்போது பதிவில் இருக்கும் மாணவர்கள், கல்லூரி ஊழியர்கள், பெரும்பாலான ஒப்பந்தங்களில் நூலகத்திற்கு நேரில் வந்து படிப்பவர்கள். இந்த மூன்று வகையினரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கு வேர் இதுவே.

"காலேஜில் திறக்கிற கட்டுரை, வீட்டுக்குப் போனதும் ஏன் காசு கேட்கிறது?"

ஒவ்வோர் இணைய இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு, அதை ஐ.பி. முகவரி என்பார்கள். சந்தா கட்டும்போது நம் கல்லூரியின் எண்களைப் பதிப்பகத்திடம் கொடுத்து வைக்கிறோம். அந்த எண்களிலிருந்து யார் வந்தாலும், பெயர் கேட்காமல், கட்டுரை திறந்துகொள்ளும். கல்லூரியில் நீங்கள் எந்தக் கடவுச்சொல்லும் கொடுக்காமல் படிப்பதற்கு இதுவே காரணம். உங்கள் வீட்டு யூனிஃபை இணைப்பின் எண் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பதிப்பகத்தின் கண்ணுக்கு நீங்கள் வழிப்போக்கர். ஒரு கட்டுரைக்கு 30 அல்லது 40 அமெரிக்க டாலர் என்று விலை சொல்கிறது.

அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். பால்மரம் வெட்டும் தாயாரின் வங்கி அட்டையைக் கொண்டு ஒரு தாதிமை மாணவி மூன்று கட்டுரைகளை வாங்கிவிட்டு, பிறகு என்னிடம் வந்து, "இவை நூலகத்தில் இருந்தனவா?" என்று கேட்டார். மூன்றுமே இருந்தன. அன்றைக்கு அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

"சரி, வீட்டிலிருந்தே திறக்க என்ன செய்ய வேண்டும்?"

நூலக இணையப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே இருக்கும் இதழ்ப் பெயரையோ, பல இதழ்களைத் தொகுத்துத் தரும் தரவுத்தளத்தின் பெயரையோ சொடுக்கினால், கல்லூரி மின்னஞ்சலுக்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். அவற்றைக் கொடுத்த பிறகு நீங்கள் நம் இடைநிலைக் கணினி வழியாகப் பதிப்பகத்திற்குச் செல்கிறீர்கள். தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகா (காவலர்) தோட்டத்து லாரியை மட்டும் உள்ளே விடுவார் என்றால், வெளியே நிற்பவரை நம் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போவதைப் போன்றது இது. இந்த வேலைக்குப் பல நூலகங்கள் பயன்படுத்தும் ஈஸிப்ராக்சி என்னும் மென்பொருளை 1999இல் உருவாக்கிய கிறிஸ் சாகர் ஒரு நூலகர். 2008இல் அது ஓ.சி.எல்.சி. என்னும் நூலகக் கூட்டுறவு அமைப்பின் கைக்குப் போனது. இந்த வழியில் செல்லும்போது முகவரிப் பட்டையில் பதிப்பகத்தின் பெயரோடு நம் கல்லூரியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது தெரிகிறதா என்று பார்ப்பதே சரியான வழியில் வந்திருக்கிறீர்களா என்பதற்குச் சோதனை.

இன்னொரு வழியும் உண்டு. பதிப்பகத்தின் பக்கத்திலேயே, நிறுவனத்தின் வழி உள்நுழையச் சொல்லும் ஓர் இணைப்பு இருக்கும். அதில் கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நம் உள்நுழைவுப் பக்கம் வரும். இங்கே பதிப்பகம் நீங்கள் எங்கிருக்கிறீர்கள் என்பதைப் பார்ப்பதில்லை, "இவர் உங்கள் ஆள்தானா?" என்று கல்லூரியிடம் கேட்டுக்கொள்கிறது. ஓப்பன்ஏதென்ஸ், ஷிபலெத் போன்றவை இந்த முறையில் இயங்குகின்றன. மலேசிய உயர்கல்விக் கூடங்களுக்கிடையே இத்தகைய நம்பிக்கை வலையாக சிஃபுலான் என்னும் கூட்டமைப்பு இருக்கிறது. உங்கள் கடவுச்சொல் நம் பக்கத்தோடு நின்றுவிடும், பதிப்பகத்திற்குப் போவதில்லை. நம் கல்லூரி எல்லாப் பதிப்பகங்களோடும் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கவில்லை என்பதால், பட்டியலில் நம் பெயர் இல்லையென்றால் முதல் வழிக்குத் திரும்புங்கள்.

"நான் எப்போதும் கூகள் ஸ்காலரில்தான் தேடுவேன். நூலகப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா?"

வேண்டியதில்லை, ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். கூகள் ஸ்காலரின் அமைப்புகளில் நூலக இணைப்புகள் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே நம் கல்லூரியின் பெயரைத் தேடிச் சேமியுங்கள். அதன் பிறகு, நம்மிடம் உள்ள கட்டுரைகளுக்குப் பக்கத்தில் கல்லூரியின் பெயரோடு ஓர் இணைப்பு தோன்றும். தலைப்பைச் சொடுக்காமல் அந்த இணைப்பைச் சொடுக்க வேண்டும். தலைப்பு உங்களை நேராகப் பதிப்பகத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே மீண்டும் பணம் கேட்கும் பக்கம்தான்.

"கல்லூரி வளாகத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போதே திறக்கவில்லையே?"

உங்கள் கைப்பேசி கல்லூரி வைஃபையில் இருக்கிறதா, சொந்த டேட்டாவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேட்டாவில் இருந்தால், நீங்கள் நூலகத்து நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் பதிப்பகத்திற்கு நீங்கள் வெளியாள்தான். வைஃபையில் இருந்தும் திறக்கவில்லையென்றால், இணைப்பை வேறு முகவரி வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். செயலியோ, ஆப்பிள் கருவிகளில் ஐ.பி. முகவரியை மறைக்கும் வசதியோ இயங்கிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். விடுதியின் இணைப்பு கல்லூரியின் இணைப்பு அல்ல என்பதால், விடுதி மாணவர்கள் வீட்டிலிருப்பவர்களைப் போலவே உள்நுழைய வேண்டும்.

"எங்கள் தோட்டத்தில் லைனே கிடைக்காது, அக்கா. செம்பனைக் காட்டுக்குள் வீடு. உள்நுழைவதற்குள் அறுந்துவிடுகிறது. நாங்கள் என்ன செய்வது?"

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமானது. வீட்டிலிருந்து திறக்கும் வழி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வீட்டில் இணைப்பே இல்லாதவரைக் கைவிட்டுவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை பேருந்து ஏறுவதற்கு முன் அரை மணி நேரத்தை நூலகத்தில் செலவிடுங்கள். அந்த வாரத்துக் கட்டுரைகளைப் பி.டி.எஃப். கோப்புகளாக இறக்கி, கைப்பேசியிலோ விரலியிலோ (பென் டிரைவ்) வைத்துக்கொண்டு போகலாம். சொந்தப் படிப்புக்காகக் கட்டுரைகளைச் சேமித்து வைப்பதை நம் ஒப்பந்தங்கள் அனைத்தும் அனுமதிக்கின்றன. சேமிக்கும்போது கோப்பின் பெயரில் ஆசிரியரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். எண்களாக இருக்கும் பெயர்களோடு இருபது கோப்புகளை வைத்துக்கொண்டு, எது எது என்று தெரியாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேடுவதற்கும் நல்ல இணைப்பு தேவையில்லை. செம்பனையின் அடித்தண்டு அழுகல் நோய்க்குக் காரணமான கனோடெர்மா பூஞ்சையைப் பற்றி ஒருவர் திட்டக் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் அந்தத் தேடலைச் சேமித்து, மின்னஞ்சல் அறிவிப்பை இயக்கிவிட்டால், புதிய கட்டுரை வரும்போதெல்லாம் தலைப்பும் சுருக்கமும் தேடி வரும். பெயரளவுக்குச் சிக்னல் கிடைக்கும் இடத்திலும் எழுத்து மட்டுமுள்ள மின்னஞ்சல் வந்து சேரும். வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை இங்கே வந்து இறக்கிக்கொள்ளலாம். வர முடியாதவர்கள் தலைப்பை எனக்கு அனுப்பினால், ஒப்பந்தம் இடம் கொடுக்கும் இதழ்களில் நானே இறக்கி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அவர்கள் பதிவில் இருக்கும் மாணவர்களாக இருக்கும்வரை இதில் தவறில்லை.

"என் தம்பி வேறு காலேஜில் படிக்கிறான். என் பாஸ்வர்டைக் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?"

உங்கள் பரிவு எனக்குப் புரிகிறது, ஆனாலும் கொடுக்காதீர்கள். முதற்பதிலில் சொன்ன மூன்று வகையினரில் உங்கள் தம்பி இல்லை. அதோடு, அந்தக் கடவுச்சொல் உங்கள் மின்னஞ்சலையும் தேர்வு முடிவுகளையும் கட்டண விவரங்களையும் திறக்கும் சாவி. கடவுச்சொல் ஒருவரோடு நிற்பதுமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் ஒருவரின் கடவுச்சொல் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குப் போய், அங்கிருந்து யார் யார் கைக்கோ சென்று, ஓர் இரவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் நம் பெயரில் இறங்கின. காலையில் பதிப்பகம் கல்லூரி முழுவதற்கும் கதவை அடைத்துவிட்டது. தாதிமை மாணவர்கள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய வாரம் அது. மூன்று நாள் அவர்களுக்கு எதுவும் திறக்கவில்லை. பெரிய இடங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது: 2010 அக்டோபரில் ஜேஸ்டோர் என்னும் ஆய்விதழ்க் களஞ்சியம், பெருந்தொகையான பதிவிறக்கம் காரணமாக, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் முழுவதற்கும் சில நாள்களுக்கு இணைப்பை நிறுத்தி வைத்தது.

தம்பிக்கு உதவ வேறு வழி உண்டு. அவருடைய கல்லூரியில் இதே வசதி இருக்கக்கூடும். அவர் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார். இல்லையென்றால் அவரை இங்கே அழைத்து வாருங்கள். நேரில் வருபவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை கட்டுரை இறக்கினால் அதிகம் என்பார்கள்?"

பதிப்பகங்கள் பொதுவாக எண்ணிக்கையைச் சொல்வதில்லை. ஒப்பந்தங்களில் 'முறைப்படுத்திய பதிவிறக்கம்' கூடாது என்றே இருக்கும். ஓர் இதழின் அத்தனை வெளியீடுகளையும் வரிசையாக எடுப்பது, நிரலையோ உலாவியின் துணைக் கருவியையோ வைத்துத் தானாக இறக்குவது ஆகியவை அதில் அடங்கும். படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஒரு மாலையில் முப்பது கட்டுரைகளை இறக்கும் மாணவரை எந்தப் பதிப்பகமும் தடுத்து நான் கண்டதில்லை. மேற்கோள் மேலாண்மைச் செயலிகளைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் முழுக் கோப்பைத் தேடும்படி ஒரே சொடுக்கில் ஆணையிட்டால், அது சில நொடிகளில் நூறு கோரிக்கைகளை அனுப்பிவிடும். பத்துப் பத்தாகச் செய்யுங்கள்.

"டிப்ளோமா முடித்துவிட்டேன். அடுத்த வாரமே எல்லாம் மூடிவிட்டது. முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருக்க வேண்டும், இனிச் சொல்வோம். மாணவர் பதிவேட்டில் உங்கள் நிலை மாறிய நாளிலேயே நுழைவு தானாக நின்றுவிடுகிறது. ஒரு பருவத்தை ஒத்தி வைத்தவர்களுக்கும், கட்டணம் தாமதமானதால் பதிவு நிறுத்தப்பட்டவர்களுக்கும் இதுவே நேர்கிறது. கட்டணச் சிக்கலாக இருந்தால் வெட்கப்படாமல் என்னிடம் வாருங்கள். கணக்குப் பிரிவோடு பேசி, தேர்வு முடியும்வரை பதிவைத் திறந்து வைக்கக் கேட்பது என் வேலையில் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

படிப்பு முடிவதற்கு முன் சேமித்த தேடல்களையும் மேற்கோள் பட்டியலையும் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகும் சில கதவுகள் திறந்தே இருக்கும். ஜேஸ்டோரில் சொந்தப் பெயரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். 2003இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. என்னும் அடைவு, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களைப் பட்டியலிடுகிறது. மலேசிய ஆய்விதழ்களை மைஜுர்னல் தளத்தில் தேடலாம். தேசிய நூலகத்தின் உறுப்பினராகச் சேர்வதும் நல்லது.

"நான் மாணவன் இல்லை, தோட்டத்து டிரெஸர் (மருத்துவ உதவியாளர்). ஒரு நோயாளிக்காக ஒரு கட்டுரை பார்க்க வேண்டும். உள்ளே விடுவீர்களா?"

தாராளமாக வாருங்கள், ஐயா. நம் ஒப்பந்தங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நேரில் வருபவர்களுக்கு இடம் இருக்கிறது. முகப்பில் அடையாள அட்டையைக் காட்டி, வருகைப் பதிவில் பெயரெழுதினால், சன்னலோரம் இருக்கும் இரண்டு விருந்தினர் கணினிகளில் அமர்ந்து படிக்கலாம். சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் படியெடுப்பதை 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஏற்கிறது. ஒரு கட்டுரையை அச்செடுத்துப் போவதில் தடையில்லை. வீட்டிலிருந்து திறக்கும் உரிமையை மட்டும் என்னால் தர இயலாது. அதற்குப் பதிவில் இருக்க வேண்டும்.

நீங்கள் நேரில் வரத் தேவையில்லாத வழியும் இருக்கிறது. 2020 ஜனவரியில் மலேசியாவில் தடை செய்யப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லியின் நச்சுக்குச் சிகிச்சை பற்றி ஒரு டிரெஸர் கேட்டு வந்தபோது, அவருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகவே கிடைத்தது. அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தும் முழுக்கட்டுரைக் களஞ்சியம் அது. பப்மெட் என்பது வேறு; அது தேடும் அட்டவணை, அதில் சுருக்கங்கள் மட்டுமே இருக்கும். இலவச முழுக்கட்டுரை என்னும் வடிகட்டியை இடப்பக்கம் தேர்ந்தெடுத்தால் குழப்பம் தீரும். தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு, மலேசியச் செம்பனை வாரியம் வெளியிடும் செம்பனை ஆய்விதழ் முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன். கிராணிமாரும் (எழுத்தர்கள்) கண்டக்டர்மாரும் (தோட்ட மேற்பார்வையாளர்கள்) இதைத் தெரிந்துகொண்டால் எனக்கு மகிழ்ச்சி.

"இதழ் நம் பட்டியலில் இருக்கிறது. பழைய கட்டுரை திறக்கிறது. போன வருஷத்துக் கட்டுரை திறக்கவில்லை. கோளாறா?"

பெரும்பாலும் கோளாறில்லை. இதழைப் பதிப்பகத்திடமிருந்து நேராக வாங்காமல், பல இதழ்களைத் தொகுத்து விற்கும் தரவுத்தளத்தின் வழியாகப் பெறும்போது, சில இதழ்களின் அண்மைய வெளியீடுகளை ஆறு மாதமோ ஓராண்டோ அதற்கு மேலோ நிறுத்தி வைப்பார்கள். ஜேஸ்டோரில் இதற்கு 'நகரும் சுவர்' என்று பெயர். பல இதழ்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு தொலைவில் அந்தச் சுவர் நிற்கும், ஆண்டுதோறும் ஓராண்டு முன்னே நகரும். இதற்கு நேர்மாறாக, பதிப்பகத்திடமிருந்து நேராக வாங்கிய இதழ்களில் புதியவை திறந்து, 1990களுக்கு முந்தியவை மூடியிருக்கலாம். பழைய தொகுதிகளைத் தனிவிலைக்கு விற்பது அவர்கள் வழக்கம்.

நூலகப் பட்டியலில் இதழின் பெயருக்குக் கீழே எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று எழுதியிருக்கும். அந்த வரம்புக்குள் இருந்தும் திறக்கவில்லையென்றால் அது உண்மையான கோளாறு, தெரிவியுங்கள். இதழ் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் ஜனவரி மாதங்களில் இது அதிகம் நேர்கிறது.

"நம்மிடம் இல்லவே இல்லாத கட்டுரை வேண்டும். எல்லாரும் சை-ஹப்பில் எடுக்கிறார்களே, நானும் எடுக்கலாமா?"

கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் 2011இல் தொடங்கிய, கட்டணக் கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியின்றி இலவசமாகத் தரும் தளம் அது. பதிப்புரிமை மீறலுக்காக 2017இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, எல்செவியர் என்னும் பதிப்பகத்திற்கு 1 கோடியே 50 லட்சம் டாலர் வழங்கும்படி தீர்ப்பளித்தது. கட்டுரைகளின் விலை மாணவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று அதைப் பயன்படுத்துவோர் கொள்ளும் ஆதங்கத்தை நான் மறுக்கவில்லை. முகப்பில் நின்று அந்த விலையைப் பார்ப்பவள் நான். ஆனால் அத்தகைய களஞ்சியங்கள் பல்கலைக்கழகக் கடவுச்சொற்களைக் கொண்டும் நிரப்பப்படுகின்றன. அதன் விளைவைத் தம்பியைப் பற்றிய கேள்வியில் பார்த்தோம். நூலகம் அந்த வழியை உங்களுக்குக் காட்டாது.

சட்டப்படியான வழிகளை முயன்று பார்க்காமலே பலர் அங்கே போகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். அன்பேவால் என்னும் துணைக் கருவியை உலாவியில் சேர்த்தால், ஆசிரியரோ பல்கலைக்கழகமோ இலவசமாக ஏற்றி வைத்த படி இருக்கும்போது பச்சை நிறப் பூட்டு தோன்றும். அதுவும் இல்லையென்றால், கட்டுரையின் முதற்பக்கத்தில் இருக்கும் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நான்கு வரி எழுதுங்கள். கட்டுரையைக் கேட்டு ஒரு மாணவர் எழுதும்போது பல ஆய்வாளர்கள் மனமுவந்து அனுப்புகிறார்கள். கடைசியாக, நூலகங்களுக்கிடையேயான பரிமாற்றத்தின் வழி மற்றொரு நூலகத்திடம் கேட்டு வாங்கித் தருவேன். சில நாள்கள் ஆகும். ஆகவே ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவில் கேட்காதீர்கள்.

"நான் எதைப் படிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?"

இடைநிலைக் கணினியின் பதிவேட்டில் யார், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திற்குச் சென்றார் என்பது பதியும். ஒப்பந்தம் மீறப்பட்டால் எந்தக் கணக்கிலிருந்து என்று கண்டுபிடிக்கும் கடமை நமக்கு இருப்பதால் அதை வைத்திருக்கிறோம். வேறு எதற்காகவும் நான் அதைத் திறப்பதில்லை. ஆறு மாதத்தில் அழித்துவிடுகிறோம். விரிவுரையாளர் ஒருவர், தம் மாணவர்கள் உண்மையிலேயே படித்தார்களா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டபோது மறுத்துவிட்டேன். மனநலத்தைப் பற்றியோ குடும்ப வன்முறையைப் பற்றியோ ஒருவர் படிப்பது அவருடைய சொந்த விஷயம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைப் போன்ற தனியார் கல்லூரிகளையும் கட்டுப்படுத்துகிறது.

பதிப்பகத்தின் பக்கத்தில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கினால், அங்கே நீங்கள் தரும் விவரங்கள் அவர்களிடம் இருக்கும். வெறுமனே படிப்பதற்கு அந்தக் கணக்கு தேவையில்லை.

"நான் பயன்படுத்திக்கொண்டிருந்த இதழை ஏன் நிறுத்தினீர்கள்?"

விலைகள் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கின்றன. நம் பணம் ரிங்கிட். 1998 முதல் 2005 வரை ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என்று கட்டி வைக்கப்பட்டிருந்தது. அன்று 10,000 டாலர் தொகுப்புக்கு 38,000 ரிங்கிட் போதும். 2024 தொடக்கத்தில் டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியபோது, விலை ஒரு காசு கூடாமலே அது ஏறக்குறைய 48,000 ரிங்கிட் ஆகிவிடுகிறது. விலையும் ஆண்டுதோறும் கூடும்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய, பதிப்பகங்கள் அனுப்பும் பயன்பாட்டு அறிக்கையைப் பார்க்கிறோம். ஒவ்வொரு பதிப்பகமும் தன் விருப்பப்படி எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, 2002இல் தொடங்கிய கவுண்டர் என்னும் அமைப்பு பொது விதிகளை வகுத்திருக்கிறது. ஒருவர் ஒரே இணைப்பை 30 நொடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றாகவே எண்ண வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 4,800 ரிங்கிட் கட்டும் இதழை ஓராண்டில் பன்னிரண்டு முறை மட்டும் திறந்திருந்தால், ஒரு கட்டுரைக்கு 400 ரிங்கிட் ஆகிறது. அதைக் காப்பாற்றுவது எனக்குக் கடினம்.

ஆனால் அதே அறிக்கைகளில் மறுக்கப்பட்ட முயற்சிகளும் எண்ணப்படுகின்றன. கல்லூரியிலிருந்தோ நம் உள்நுழைவின் வழியாகவோ சென்று, சந்தா இல்லாததால் நீங்கள் திருப்பி அனுப்பப்பட்டால், அது நம் கல்லூரியின் கணக்கில் பதிவாகும். வீட்டிலிருந்து உள்நுழையாமல் பார்த்துவிட்டு மூடினால் அது எங்கும் பதிவாகாது. அந்த இதழைத் தேடியவர் ஒருவர் இந்தத் தோட்டப்புறத்தில் இருந்தார் என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். தாதிமைத் தொகுப்பு ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிர்வாகத்திடம் வாதாடிப் பெற்றபோது, என் கையில் இருந்த ஒரே ஆதாரம் இந்த மறுப்புக் கணக்குத்தான்.

"நிறுத்திவிட்டால், பணம் கட்டிய வருஷங்களும் போய்விடுமா?"

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சிலவற்றில் 'நிலையான உரிமை' இருக்கும். நாம் பணம் கட்டிய ஆண்டுகளின் வெளியீடுகள் சந்தா நின்ற பிறகும் திறக்கும். தொகுப்புத் தரவுத்தளங்களில் அது பொதுவாக இருப்பதில்லை. நிறுத்திய நாளில் எல்லாம் போய்விடும். பதிப்பகமே மூடப்பட்டுவிட்டால் கட்டுரைகள் அழியாமலிருக்க போர்டிகோ, கிளாக்ஸ் போன்ற காப்பகங்கள் படிகளை வைத்திருக்கின்றன.

"நான் இங்கே பகுதிநேர விரிவுரையாளர்; ஈப்போவில் இன்னொரு கல்லூரியிலும் கற்பிக்கிறேன். எந்தக் கணக்கில் நுழைவது?"

எந்த வேலைக்காகப் படிக்கிறீர்களோ அந்தக் கணக்கில். உலாவி சில பதிப்பகப் பக்கங்களில் நீங்கள் கடைசியாகத் தேர்ந்தெடுத்த நிறுவனத்தை நினைவில் வைத்திருக்கும். அங்கே கட்டுரை கிடைக்கவில்லையென்றால் நம்மிடமும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நிறுவனத்தை மாற்றியோ, புதிய மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறந்தோ பாருங்கள். அங்கே எடுத்த கட்டுரையை இங்குள்ள வகுப்புக்குக் கோப்பாக ஏற்றுவதில்தான் சிக்கல் வரும். கோப்பைத் தவிர்த்து, நம் நூலகத்தின் வழி செல்லும் நிலையான இணைப்பைப் பாடப் பக்கத்தில் கொடுங்கள். மாணவர்கள் தங்கள் உரிமையில் திறப்பார்கள். ஒவ்வொரு திறப்பும் மேலே சொன்ன அறிக்கையில் நம் பக்கம் சேரும்.

"கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றிச் சுருக்கம் கேட்கலாமா?"

ஏற்றுவதற்கு முன் கேளுங்கள். இப்போது புதுப்பிக்கப்படும் ஒப்பந்தங்கள் பலவற்றில் இதைப் பற்றித் தனி விதி சேர்ந்திருக்கிறது; சிலவற்றில் முற்றிலும் தடை, சிலவற்றில் ஏற்றிய கோப்பைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாத செயலிகளுக்கு மட்டும் அனுமதி. எந்தத் தொகுப்புக்கு எது என்பதை முகப்பில் ஒட்டியிருக்கிறேன். திறந்த உரிமத்தில் வெளியான கட்டுரைகளுக்கு உரிமம் என்ன சொல்கிறதோ அதுவே எல்லை. என்னைக் கேட்டால், தாதிமை மாணவர்கள் மருந்தளவு வரும் பகுதியைத் தாங்களே படிக்க வேண்டும் என்பேன்.

"எல்லாம் செய்து பார்த்தேன், திறக்கவில்லை. உங்களிடம் என்ன சொல்வது?"

"திறக்கவில்லை" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. கட்டுரையின் தலைப்பு, இதழின் பெயர், வெளியான ஆண்டு, எங்கிருந்து முயன்றீர்கள், எந்த இணைப்பில் இருந்தீர்கள், எத்தனை மணிக்கு என்பவற்றை எழுதி, முகவரிப் பட்டையும் தெரியும்படி திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். பலர் பிழைச்செய்தியை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். முகவரியில் நம் கல்லூரியின் பெயர் ஒட்டியிருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. கடவுச்சொல்லை அனுப்பவே வேண்டாம். நான் ஒருபோதும் அதைக் கேட்கமாட்டேன், கேட்டு வரும் மின்னஞ்சல் மோசடியானது. எந்த நாளுக்குள் கட்டுரை தேவை என்பதையும் சேர்த்து எழுதினால், அவசரமானதை முதலில் எடுத்துப் பார்க்கிறேன்.